ரூத் இரண்டாம் அதிகாரமும் கொட்டாஞ்சேனைப் பின்னறையும்

2025 மார்ச் 2 – வாசகர் கேள்வி

இறையியல் டிப்ளோமா, இறுதி வருடம். செயற்றிட்டத் தலைப்பு: ‘வேதாகம ஆய்வைத் திருச்சபை ஊழியத்தில் பயன்படுத்துதல்’. ரூத் 2 ஐ எடுத்திருக்கிறேன்: விதவையான மோவாப் நாட்டுப் பெண் ரூத், மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாஸின் வயலில் கதிர் பொறுக்கும் அதிகாரம். எங்கள் சபை 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்திலிருந்து உலருணவுப் பொதி கொடுத்து வருகிறது. முதல் நான்கு அத்தியாயங்களில் வியாக்கியானம், ஐந்தாவதில் பயன்பாடு என்பது திட்டம். வியாக்கியானம் சரியாக அமைந்துவிட்டால் பயன்பாடு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். யாராவது மறுப்பீர்களா?

மார்ச் 2, இரவு

மறுக்கிறேன், தம்பி. நானும் இந்த வருடம் ஏறக்குறைய இதே தலைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு கல்லூரி, வேறு மேற்பார்வையாளர், அதே ரூத். பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் வகுப்பு.

முந்தைய மாணவர்களின் செயற்றிட்டங்களை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எபிரேய வினைச்சொற்கள், அறிஞர்களின் சண்டைகள், அடிக்குறிப்புகள். கடைசி இரண்டு பக்கங்களில் ‘ஆகவே திருச்சபை ஏழைகளுக்கு உதவ வேண்டும்’. இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு ரூத்தை ஏன் வயலுக்கு இழுத்து வர வேண்டும்? யாக்கோபு 2:15-16 போதும். பசித்தவனிடம் சமாதானத்தோடே போ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாதே என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பயன்பாடு தானாக வராது. நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான் அந்தப் பெயரில் திரும்பி வரும். பொதி கொடுக்கிற சபை இந்த அதிகாரத்தைப் படித்தால், பொதி கொடுக்கச் சொல்லும் அதிகாரமாகவே அதைப் படிக்கும். போவாஸ் சபைச் செயலாளரின் சாயலில் இருப்பார், ரூத் வரிசையில் நிற்பாள்.

ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். யாரிடையே ஊழியம் செய்யப் போகிறீர்களோ அவர்களோடு உட்கார்ந்து, விளக்கவுரைகளை மூடி வைத்துவிட்டு, அதிகாரத்தை வாசியுங்கள். பிறகு விளக்கவுரைகளைத் திறங்கள். அப்போது நீங்கள் தேடுவது வேறாக இருக்கும்.

மார்ச் 4

‘அப்படியானால் வியாக்கியானமே வேண்டாம் என்கிறீர்களா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதா?’ என்று மட்டக்களப்பு வாசகர் கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. நன்றாகவே உதவும். உதாரணம் தருகிறேன்.

கதிர் பொறுக்கும் சட்டம் லேவியராகமம் 19:9-10 இலும் 23:22 இலும் உபாகமம் 24:19-22 இலும் வருகிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை உதிர்த்த பின் மறுபடியும் கிளை கிளையாகத் தேடாதே. பரதேசி, திக்கற்றவர், விதவை ஆகியோருக்காக உபாகமம் இதைச் சொல்கிறது. ரூத்துக்கு இதில் இரண்டு தகுதிகள்.

சட்டம் என்ன செய்யச் சொல்கிறது என்று கூர்ந்து பாருங்கள். ஏழையின் கையில் எதையும் வைக்கச் சொல்லவில்லை, விட்டுவைக்கச் சொல்கிறது. பொறுக்குவதும் தட்டுவதும் சுமப்பதும் அவரவர் பாடு. நில உரிமையாளர் அங்கே நின்று பெயர் கூப்பிட வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து, பதாகைக்கு முன்னால் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, பிறகு பொதியைக் கொடுக்கிற நம் வழக்கம் இந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வி வியாக்கியானத்திலிருந்துதான் வருகிறது.

நூல் எழுதப்பட்ட காலம் பற்றிய விவாதத்துக்கு ஒரு பத்தி போதும் என்பது என் கருத்து. முற்காலமா, பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தியதா என்று பத்துப் பக்கம் எழுதினால், அந்தப் பத்துப் பக்கமும் நம் ஊழியத்தைத் தொடாமலே போகும்.

மார்ச் 10

நேற்று மாலை முதல் வாசிப்பு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஆலயத்தின் பின்னறை. வந்தவர்கள் வீட்டுப் பணிப்பெண்கள். பெரும்பாலானோர் மலையகத்தவர், தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அட்டன், மஸ்கெலியா, பதுளைப் பக்கங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தவர்கள். ஞாயிறு மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வர அனுமதி உள்ளவர்கள்தான் வர முடிந்தது. அந்த அனுமதியும் இல்லாதவர்களைப் பற்றி வந்தவர்களே சொன்னார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். அக்கா, தங்கச்சி என்று மாற்ற முயன்றேன். இன்னும் மாறவில்லை.

ஒருவர் உரக்க வாசித்தார். 2:4 இல் போவாஸ் பெத்லகேமிலிருந்து வந்து, கர்த்தர் உங்களோடிருப்பாராக என்று அறுக்கிறவர்களை வாழ்த்துகிறார். சிரிப்பு எழுந்தது. ‘வணக்கம் சொல்லிக்கொண்டு மலைக்கு வருகிற துரையா?’ என்றார் மஸ்கெலியா அக்கா. துரை என்றால் தோட்ட நிர்வாகி. அடுத்து 2:5-6. அறுக்கிறவர்கள் மேல் வைக்கப்பட்ட வேலைக்காரனிடம் இவள் யாருடைய பெண் என்று கேட்கிறார், அவனும் அவள் எங்கிருந்து வந்தவள், எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள் என்று ஒப்பிக்கிறான். ‘கங்காணி’ என்று ஒரே நேரத்தில் பல குரல்கள். தோட்டத்தில் தொழிலாளரை மேய்க்கிற மேற்பார்வையாளன்.

நான் இந்த ஆளைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். விளக்கவுரைகளிலும் அவனுக்கு அதிகம் இடமில்லை. அங்கே அவன்தான் அரை மணி நேரப் பேச்சு. யாரை வேலைக்கு விடுவது, யாருடைய பேரைத் துரையிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் அவன் வாயில் இருக்கிறது. அவன் ரூத்தைப் பற்றி நல்லதாகச் சொன்னானா கெட்டதாகச் சொன்னானா என்று வாக்குவாதம் வந்துவிட்டது. ‘காலை முதல் நிற்கிறாள்’ என்பது பாராட்டு என்று ஒரு கட்சி. ‘மோவாபியப் பெண்’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே மற்றதைச் சொன்னான் என்று மறு கட்சி.

பிறகு 2:17. மாலைவரை பொறுக்கி, தட்டி, அளந்தபோது ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. ஏறத்தாழ 20 லீற்றர் என்று நான் விளக்கினேன். தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய ஓர் அம்மா கேட்டார்: ‘கூடைக்கென்றும் தண்ணீருக்கென்றும் யாரும் கழிக்கவில்லையா?’

மார்ச் 11

கொழுந்து நிறுக்கும்போது கிலோ கழிப்பது என்றால் என்ன என்று திருநெல்வேலி அன்பர் கேட்கிறார். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கும் கூடைக்கும் என்று சொல்லி எடையில் ஒரு பங்கைக் குறைத்து எழுதுவது. தோட்டத் தொழிலாளரின் பழைய மனக்குறைகளில் ஒன்று. அவ்வளவுதான். மேலும் எழுதினால் ரூத் பெத்லகேமை விட்டு மலையகத்துப் பொகவந்தலாவைக்கே போய்விடுவாள்.

மார்ச் 24

நேற்று 2:8 முதல் 2:23 வரை.

என் முறை இதுதான். முதலில் ‘இந்தப் பகுதி எதைப் பற்றியது?’ என்று திறந்த கேள்வி. பிறகு வசனங்களுக்குள் இறங்கி யார் பேசுகிறார், யார் பேசவில்லை, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பது. கடைசியில் மறுபடியும் அவர்களுடைய வாழ்க்கைக்கு. தென்னாபிரிக்காவில் ஜெரால்ட் வெஸ்ட் முதலியோர் சூழல்சார் வேதாகம வாசிப்பு என்று வளர்த்தெடுத்த வழி. அவர்கள் 2 சாமுவேல் 13 ஐ, தாமாரின் கதையை, பெண்கள் குழுக்களோடு வாசித்ததிலிருந்து ஒரு பெரிய இயக்கமே புறப்பட்டது.

‘எதைப் பற்றியது?’ என்றதும் இரக்கம், தானம், விருந்தோம்பல் என்று பதில் வரும் என்று காத்திருந்தேன். ‘பயத்தைப் பற்றியது’ என்று பதில் வந்தது.

திரும்பிப் பார்த்தால் ஆதாரம் அதிகாரம் முழுக்க இறைந்து கிடக்கிறது. 2:9 இல் வாலிபர் உன்னைத் தொடாதபடி கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார் போவாஸ். 2:15 இல் அவளை வெட்கப்படுத்தாதீர்கள். 2:16 இல் அதட்டாதீர்கள். 2:22 இல் நகோமி, வேறு வயலில் யாரும் உன்னை எதிர்கொள்ளாதபடிக்கு இவருடைய பணிப்பெண்களோடேயே போ என்கிறாள். ஒரே அதிகாரத்தில் நான்கு இடங்கள். கட்டளையிட வேண்டியிருந்தது என்றால், கட்டளை இல்லாத வயலில் என்ன நடந்திருக்கும்? இதைக் கேட்டவர் அந்த அறையிலேயே வயதில் குறைந்தவர். கேட்ட பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் மேற்கொண்டு எதையும் கிளறவில்லை.

அந்த மாலை அங்கே பேசப்பட்ட வேறு சில விஷயங்கள் செயற்றிட்டத்திலும் வராது, இங்கும் வராது.

மார்ச் 26

‘இது வசனத்திலிருந்து எடுப்பது அல்ல, வசனத்துக்குள் திணிப்பது’ என்று ஒரு போதகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஐயா, நான்கு வசன எண்கள் கொடுத்திருக்கிறேன். எதைத் திணித்தேன்? நாம் பிரசங்கங்களில் கேட்டு வந்த ‘தாராள மனமுள்ள போவாஸ்’ தலைப்பு அதிகாரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? அதுவும் ஒரு வாசிப்புத்தான். வயிறு நிறைந்தவர்களின் வாசிப்பு என்பதால் அது வாசிப்பென்றே நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் உங்கள் எச்சரிக்கையில் ஒரு பாதி நியாயமானது. அந்த அறையில் சொல்லப்பட்டதெல்லாம் சரியாகிவிடாது. நகோமிக்கு ரூத்தின் மேல் பொறாமை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதற்கு அதிகாரத்தில் இடமில்லை, அங்கேயே சொன்னேன், மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வியாக்கியானப் பயிற்சி எங்கே வேண்டும் என்றால் இங்கே வேண்டும்: ‘அந்த எண்ணத்துக்கு எந்த வசனம்?’ என்று கேட்பதற்கு. என்னையும் அவர்கள் அதே கேள்வி கேட்கலாம். கேட்டார்கள்.

ஏப்ரல் 3

திருநெல்வேலி அன்பர் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இங்கும் உண்டு. அறுவடை நன்றி ஆராதனை முடிந்ததும் ஒரு பூசணிக்காயைச் சந்தையில் கேட்டால் கடைக்காரர் மயங்கி விழுகிற விலைக்கு ஏலம் எடுப்பார்கள். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுப்பார், மறுபடியும் ஏலம் போகும். கடைசியில் அது யார் வீட்டுக் கறியாகிறது என்று யாருக்கும் தெரியாது. கட்டட நிதி வளரும். எனக்கு ஏலத்தின் மேல் கோபமில்லை. எங்கள் அப்பா வாழைக்குலை ஏலத்தில் தோற்றதை இன்றும் மறக்காத ஆள்.

ஆனால் செயற்றிட்டத்துக்காக லேவியராகமம் 23 ஐ முழுதாக வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அது பண்டிகைகளின் அட்டவணை. பஸ்கா, முதற்பலன், பெந்தெகொஸ்தே, எக்காளம், பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை. அறுவடைப் பண்டிகையான பெந்தெகொஸ்தேயின் பலிகளையெல்லாம் எண்ணிச் சொல்லி முடித்த கையோடு, 22 ஆம் வசனத்தில் வயலோரத்தை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளை. அது ஏற்கெனவே 19 ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்டதுதான். பண்டிகைப் பட்டியலின் நடுவில் ஏன் மறுபடியும்? பலிபீடத்துக்குப் போவதைப் பற்றிப் பேசும்போதே வயலில் கிடப்பதைப் பற்றியும் பேசுகிறது. யூதர்கள் ரூத்தின் புத்தகத்தை இந்தப் பண்டிகையில் வாசிக்கும் வழக்கமும் இதோடு பொருந்துகிறது.

நம் அறுவடை ஆராதனையில் இந்த வசனத்துக்கு எந்த இடம்? இதைத் தனி அத்தியாயமாக்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ‘ஒரு வயல் போதும், அடுத்த வயலுக்குப் போகாதே’ என்றார். ரூத் 2:8 ஐ அவர் தெரிந்துதான் சொன்னாரா என்று இன்னும் சந்தேகம்.

ஏப்ரல் 12

குழு காலி. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறார்கள். கோட்டை ரயில் நிலையத்தில் பதுளை ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர்களும் ஊருக்குப் போவதால் காவலுக்கு இருக்கச் சொன்னார்கள் என்று போக முடியாமல் போன இருவரும் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசினேன். உயிர்த்த ஞாயிறு 20 ஆம் திகதி வருகிறது, அதன் மறுநாள் 2019 குண்டுவெடிப்புகளின் ஆறாவது நினைவு நாள். அன்று தாக்கப்பட்ட கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் நாங்கள் கூடும் இடத்திலிருந்து தூரமில்லை. அந்த வாரம் கூடுவதில்லை என்று முடிவு.

விடுமுறைகளையும் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: ஆம், செயற்றிட்ட நாட்காட்டி போடும்போது இதையெல்லாம் யோசியுங்கள். கல்லூரித் தவணை வேறு, வேலைக்காரர்களின் வருடம் வேறு.

மே 5

எதிர்பாராத மாலை. 2:23 இல் நின்றுவிட்டோம்.

வாற்கோதுமை அறுப்பும் கோதுமை அறுப்பும் முடியும்வரை ரூத் பொறுக்கினாள், மாமியிடத்தில் தங்கியிருந்தாள். பெத்லகேம்ப் பக்கத்தில் இது ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். மஸ்கெலியா அக்கா கேட்டார்: ‘போவாஸ் சொந்தக்காரர்தானே? அத்தனை நாளும் ஒரு முறையாவது வந்து மாமியாரைப் பார்த்தாரா?’

இல்லை. 2:1 இல் உறவினர் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. 2:11 இல் ரூத் செய்ததெல்லாம் தனக்குத் தெரியும் என்று அவரே சொல்கிறார். பருவம் முழுக்கத் தானியம் கிடைக்கிறது. அவர் மட்டும் வரவில்லை. கடைசியில் நகோமி ஒரு துணிச்சலான திட்டம் போட்டு, ரூத்தை இராத்திரியில் களத்துக்கு அனுப்ப வேண்டியதாகிறது. ரூத் வாய் திறந்து ‘நீர் சுதந்தரவாளி’ (காணியை மீட்கும் உரிமையுள்ள உறவினர்) என்று சொன்ன பிறகுதான், அடுத்த நாள் காலையில் போவாஸ் நகர வாசலில் போய் உட்காருகிறார்.

இது என் செயற்றிட்டத்தின் முதுகெலும்பையே மாற்றிவிட்டது. இரண்டாம் அதிகாரத்தை நல்ல தானத்தின் மாதிரி என்று வைத்துக்கொண்டு, நம் பொதி விநியோகத்தை அதற்கேற்பத் திருத்துவது என்பதுதான் என் திட்டம். மரியாதையாகக் கொடுப்பது, பெயர் கூப்பிடாமல் கொடுப்பது. அது தப்பில்லை. ஆனால் புத்தகம் அங்கே நிற்கவில்லையே. பொறுக்கிய கதிர் பசியைத் தீர்த்தது, நகோமியின் காணியை மீட்கவில்லை. மீட்பதற்கு நான்காம் அதிகாரத்தில் வாசல், பத்து மூப்பர், சாட்சிகள், கழற்றிய செருப்பு எல்லாம் தேவைப்பட்டன. இன்னும் நெருங்கிய உறவினன் ஒருவன், பெயர்கூடச் சொல்லப்படாதவன், தன் சுதந்தரத்துக்குக் கேடு வரும் என்று ஒதுங்கிக்கொண்டான்.

நம் சபைகள் இரண்டாம் அதிகாரத்திலேயே குடியிருக்கின்றன என்று எழுதி வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் வெட்டாமல் விட்டால் சரி.

மே 6

‘போவாஸ் கிறிஸ்துவுக்கு நிழல், முன்னடையாளம். அவரை விமர்சிக்க நீ யார்?’ என்று மூன்று பேர். மூன்றும் ஒரே ஆள் என்று எழுத்துப்பிழை காட்டிக்கொடுக்கிறது.

போவாஸிலிருந்து கிறிஸ்துவுக்கு ஒரே தாவலாகத் தாவும்போது காலடியில் ரூத் மறைந்துபோகிறாள் என்பதே என் சலிப்பு. அந்த வழியை என் செயற்றிட்டத்தில் சேர்ப்பதாக இல்லை.

மே 6, சற்றுப் பின்

சேர்க்கத்தான் போகிறேன். இன்று மாலை தொலைபேசியில் ஒரு அம்மாவிடம் இந்தச் சண்டையைச் சொன்னேன். மத்தேயு 1:5 இல் ரூத்தின் பெயர் இருக்கிறது, இயேசுவின் வம்ச வரலாற்றில், என்றும் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்படியென்றால் அவருடைய பாட்டியும் அடுத்தவர் வயலில் பொறுக்கியவள்தான்’ என்றார். நிழல் அது என்றால் எனக்குச் சம்மதம்.

மே 19

‘ஊழியம் எங்கே? இன்னும் வாசிப்புத்தானே நடக்கிறது’ என்று முதல் கேள்வி கேட்ட தம்பி பொறுமையிழந்து எழுதியிருக்கிறார். சொல்கிறேன்.

என்ன வேண்டும் என்று குழுவிடம் கேட்டேன். உலருணவு யாரும் கேட்கவில்லை. சாப்பாடு வேலை செய்யும் வீட்டில் கிடைத்துவிடுகிறது. வந்த பதில்களில் பெரும்பாலானவை சம்பளத்தைப் பற்றியவை. ‘பிறகு சேர்த்துத் தருகிறேன்’ என்று மாதக்கணக்கில் நிற்கும் பணம். உடைந்த பாத்திரத்துக்குப் பிடித்த தொகை. ஊருக்கு நேரே அனுப்பிவிட்டேன் என்று சொல்லி அனுப்பாத தொகை. எவ்வளவு பாக்கி என்று அவர்களுக்கே கணக்கு இல்லை. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போகலாம் என்றால், கையில் என்ன காட்டுவது?

நான் கணக்கு அலுவலகக்காரி. ரூத் நாலாம் அதிகாரத்தில் போவாஸ் ‘இன்றையத்தினம் நீங்கள் சாட்சி’ என்று இரண்டு முறை சொல்வதை (4:9, 4:10) வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இது தோன்றியது. சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டைக் குறிப்பேடு) ஒன்றை எடுத்துப் பக்கத்துக்கு ஐந்து நிரல் கோடு போட்டோம்: மாதம், பேசிய சம்பளம், கையில் தந்தது, பிடித்தது, ஏன் பிடித்தார்கள். ஆளுக்கொரு கொப்பி. எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதி, இருவரும் ஒப்பமிடுவார்கள். வேலை செய்யும் வீட்டில் வைத்திருக்க விரும்பாதவர்களின் கொப்பிகள் ஆலயத்தில் ஒரு பூட்டிய அலுமாரியில் இருக்கின்றன. திறப்பு இரண்டு பேரிடம், இருவரும் குழுவைச் சேர்ந்தவர்கள். போதகரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

வீட்டு வேலையாட்களுக்கென்று இந்த நாட்டில் இருக்கும் பழைய சட்டம் 1871 ஆம் ஆண்டினது. வேலையாளைப் பதிவு செய்து கைப்பதிவேடு கொடுத்து, அதில் அவரைப் பற்றி எழுதி வைக்கும் ஏற்பாடு. யார் யாரைப் பற்றி எழுதுவது என்பதை எங்கள் கொப்பி திருப்பிப் போட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் அறையில் பெரிய சிரிப்பு. வீட்டுப் பணியாளருக்குக் கண்ணியமான வேலை பற்றிய 189 ஆம் இலக்கச் சர்வதேசச் சமவாயம் 2011 இலேயே நிறைவேறியது என்பதையும் சொன்னேன். அதற்குச் சிரிப்பு வரவில்லை, ‘அது எங்களுக்கும் உண்டா?’ என்ற கேள்விதான் வந்தது.

இப்போதைக்கு ஊழியம் இந்தக் கொப்பியும், கூடப் போய்ச் சிங்களப் படிவம் நிரப்பித் தரச் சம்மதித்த இரண்டு சபையாரும்தான்.

மே 26

மார்ச் 4 இல் காலம் பற்றிய விவாதத்துக்கு ஒரு பத்தி போதும் என்று எழுதியிருந்தேன். இப்போது மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

காரணம் மோவாப். மார்ச்சில் கங்காணி விவாதத்தின்போது எழுந்த அந்த மறு கட்சி அடங்கவே இல்லை. ரூத் நாடு விட்டு வந்து, மாமியைக் காப்பாற்றி, ஊரெல்லாம் புகழ்ந்த பிறகும் 2:21 இல் மோவாபியப் பெண்தான், 4:5 இலும் 4:10 இலும் மோவாபியப் பெண்தான். 4:13 இல் வெறும் ரூத். ‘பதினைந்து வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன், இன்னும் தோட்டத்துப் பிள்ளை என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னார்.

உபாகமம் 23:3 மோவாபியரைக் கர்த்தரின் சபைக்குள் சேர்க்காதே என்கிறது. சிறையிருப்புக்குப் பிந்திய காலத்தைச் சொல்லும் எஸ்றா 10 இலும் நெகேமியா 13 இலும் அந்நிய மனைவிகள் பெரும் பிரச்சினை. ரூத் அந்தக் காலத்தில் எழுதப்பட்டது அல்லது அந்தக் காலத்தில் உரக்க வாசிக்கப்பட்டது என்று கொள்கிறவர்களுக்கு, தாவீதின் பூட்டி மோவாபியப் பெண் என்று முடியும் கடைசி வம்ச அட்டவணை ஒரு நேரடிப் பதிலடி. முற்காலம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தரப்பையும் எழுதியிருக்கிறேன். எப்படியானாலும் குழுவுக்கு இது காகிதச் சண்டை அல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் தங்கள் தாத்தா பாட்டியரை நாடற்றவர்களாக்கியது, 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாக ஆட்களைப் பங்கு பிரித்தது, 2003 இல்தான் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது என்பதெல்லாம் அவர்கள் குடும்பக் கதைகள். யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது என்று எஸ்றாவில் பெயர்ப்பட்டியல் வருகிற இடத்தை அவர்கள் வாசித்த விதத்தை நான் எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை.

ஜூன் 9

சமர்ப்பித்தாயிற்று. நேற்று பெந்தெகொஸ்தே. ஆராதனையில் லேவியராகமம் 23:22 ஐ வாசிக்கலாமா என்று கேட்டு, சம்மதம் கிடைத்து, மஸ்கெலியா அக்காதான் வாசித்தார். பிரசங்கம் வேறு வசனத்தில். பரவாயில்லை.

வாய்மொழித் தேர்வில் எதிர்பார்த்த கேள்வியே வந்தது: இது சமூக சேவை அல்லவா, வேதாகம ஆய்வு எங்கே? நான்காம் அதிகாரத்தில் மீட்பு நடக்கும் இடம் பலிபீடமில்லை, நகர வாசல், சாட்சிகளுக்கு முன்னால், காணியும் பெயரும் பேசப்படும் இடத்தில் என்றேன். ‘அப்படியானால் கொப்பிக்கும் ரூத்துக்கும் நேர்க்கோடு போடுகிறீர்களா?’ என்றார் இன்னொருவர். போடவில்லை. ரூத்தில் தொழிற்சட்டம் இல்லை. பொறுக்குவதை மீட்பு என்று நினைத்துக்கொள்ளாதே என்ற எச்சரிக்கை ரூத்தில் இருக்கிறது. கொப்பி எங்களுடைய பதில், வேறு சபை வேறு பதில் சொல்லலாம். தலையாட்டினார்கள். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

பொதி விநியோகம்? தொடர்கிறது. பதாகை எடுபட்டுவிட்டது, ஒலிபெருக்கி இன்னும் இருக்கிறது. செயலாளருக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

ஜூன் 11

சம்மதப் படிவத்தின் மாதிரி கேட்ட தம்பிக்கு: அனுப்புகிறேன். ஆனால் படிவத்தில் ஒப்பம் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒப்பமிட்ட பிறகும் ஒவ்வொரு மேற்கோளையும் சொன்னவரிடம் திரும்ப வாசித்துக் காட்டுங்கள். ‘இதை வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள்’ என்பார்கள், எடுத்துவிடுங்கள். ஊர், வீடு இருக்கும் வீதி, வேலைக்காரி எத்தனை வருடம் என்ற விவரம் மூன்றும் ஒன்றாக வந்தால் கொழும்பில் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கேயும் ஊர்ப்பெயர்களையும் வருடங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்து என்ன வாசிப்பது என்று குழுவைக் கேட்டேன். எசமானும் வேலையாளும் வருவதால் பவுலின் பிலேமோன் நிருபத்தை எடுக்கலாம் என்பது என் யோசனை. ‘அந்த வேலையாள் ஒநேசிமு ஒரு வார்த்தையாவது பேசுகிறானா?’ என்று கேட்டார்கள். பேசுவதில்லை என்றேன். நெகேமியா 5 ஐத் தேர்ந்திருக்கிறார்கள். வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்த ஜனங்களும் அவர்கள் மனைவிமாரும் கூக்குரலிடுகிற அதிகாரம். ஊரில் நுண்கடன் வாங்கிய குடும்பங்கள் இந்தக் குழுவில் பல. ஜூலை முதல் ஞாயிறு தொடங்குகிறோம். வட்டி கணக்கிடத் தெரிந்த யாராவது கொழும்பு 13 பக்கம் இருந்தால் தனியே எழுதுங்கள்.